தொங்காத பையின் கதை

பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, முதுகுப்பைக்கு வெளியே மாட்டியிருக்கும் சின்னப் பை டப்... டப்... என்று இடுப்பில் அடித்திருக்கிறதா உங்களுக்கு? எனக்கு மூன்று மாதமாக அடித்துக்கொண்டிருந்தது. பவர் பேங்க், சார்ஜர், கால்குலேட்டர் எல்லாம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பவுச் வாங்கி, முதுகுப்பையின் வெளிப்பக்கம் இருந்த ஒரு வளையத்தில் கொக்கி போட்டு மாட்டினேன். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் தலை குனிந்தது. ஒரு மாதத்தில் முழுசாகத் தொங்கிவிட்டது. "என்னடா, உன் பை நாக்கைத் தள்ளுது?" என்று வகுப்பில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊக்கு குத்திப் பார்த்தேன். சணல் கயிற்றால் கட்டிப் பார்த்தேன். ம்ஹூம். அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தால், நம் பிரச்சினைக்குப் பெரிய பெரிய ராணுவங்களே நூறு வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன! அந்தக் கதைதான் இது. ஒரு பவுச்சுக்கு என்ன பெரிய வரலாறு என்று நினைக்காதீர்கள். கடைசியில் உங்கள் முதுகுவலி வரைக்கும் வரும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பையை இன்னொன்றோடு சேர்க்க மனிதர்கள் கண்டுபிடித்த பெரிய வழிகள் மூன்று. தைப்பது, தொங்கவிடுவது, பின்னுவது. தைத்தால் ஆடாது, ஆனால் கழற்ற முடியாது. தொங்கவிட்டால் கழற்றலாம், ஆனால் ஆடும். ஆடவும் கூடாது, கழற்றவும் வேண்டும் என்றால் பின்ன வேண்டும். இந்த மூன்றாவது வழிக்கு வந்து சேரத்தான் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஏன் தொங்குகிறது?

வரலாற்றுக்குள் போவதற்கு முன்னால் கொஞ்சம் பிளஸ் ஒன் பிசிக்ஸ். பயப்படாதீர்கள், ஒரே ஒரு கணக்குதான்.

ஒரு பவுச்சின் எடை 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் கனம் 12 செ.மீ. அப்படியானால் அதன் ஈர்ப்பு மையம் முதுகுப்பையின் சுவரிலிருந்து சுமார் 6 செ.மீ. தள்ளி இருக்கும். எடை கீழே மட்டும் இழுப்பதில்லை. இந்த 6 செ.மீ. நெம்புகோலை வைத்துக்கொண்டு, பவுச்சின் தலையை வெளியே சாய்க்கவும் பார்க்கிறது.

இப்போது பவுச்சை மேலே ஒரு இடத்திலும், அதற்கு 20 செ.மீ. கீழே இன்னொரு இடத்திலும் பிடித்திருக்கிறோம். மேல் பிடியை வெளியே இழுக்கும் விசை 2 × 6 ÷ 20, அதாவது 0.6 கிலோ எடைக்குச் சமம். ஒரு குழந்தை விரலால் இழுப்பது மாதிரி. அதுவே இரண்டு பிடிகளுக்கும் நடுவில் 5 செ.மீ.தான் என்றால்? 2 × 6 ÷ 5 = 2.4 கிலோ. நான்கு மடங்கு! பவுச் அதேதான், எடை அதேதான்.

ஒரே ஒரு பிடி மட்டும் இருந்தால் இன்னும் மோசம். பவுச்சின் அடிப்பாகம் முதுகுப்பையின் துணியில் போய் முட்டிக்கொள்ளும். துணி விறைப்பாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். தொளதொளவென்று இருந்தால் குழி விழும், பவுச் சாயும். நடக்கும்போதும் ஓடும்போதும் ஒவ்வொரு அடிக்கும் இந்த விசை ஏறி ஏறி இறங்கும். துணி நைந்து, தையல் விட்டுப்போகும்.

ஆக, பவுச் தொங்குவதற்கு எடை மட்டும் காரணம் இல்லை. எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறோம், பிடிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், பின்னால் இருப்பது எவ்வளவு விறைப்பு, இந்த மூன்றும்தான் காரணம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைச் சரிசெய்யும் முயற்சிதான்.

பனி மனிதனின் இடுப்புப் பை

1991 செப்டம்பரில் ஆஸ்திரிய இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் மலையில், சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் பனிக்குள் ஒரு மனித உடல் கிடைத்தது. முதலில் யாரோ மலையேறப் போய் இறந்தவர் என்று நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தால் அவர் இறந்து 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஓட்ஸி என்று பெயர் வைத்து, இத்தாலியின் போல்ஸானோ நகர மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவர் இடுப்பில் கன்றுத்தோல் பெல்ட் ஒன்று இருந்தது. அதில் ஒரு சின்னப் பை. உள்ளே சிக்கிமுக்கிக் கல் கருவிகள், எலும்பு ஊசி, தீ மூட்டப் பயன்படும் உலர்ந்த காளான். அன்றாடம் கைக்கு எட்ட வேண்டிய பொருட்கள். என் பவர் பேங்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன் :-)

அந்தப் பை பெல்ட்டோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்பே பவுச் தொங்காமல் இருக்க ஒருவர் வழி கண்டுபிடித்துவிட்டார்! பக்கத்தில் வளைந்த ஹேசல் மரக்குச்சியும் பலகைத் துண்டுகளும் கிடைத்தன. அது முதுகில் சுமை கட்டும் சட்டம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மென்மையான பைக்குப் பின்னால் விறைப்பான ஒன்று வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்திருக்கிறது.

ஒரு ஆளுக்கு ஒரு பை என்றால் தைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே மாதிரி சாமான் கொடுக்க வேண்டும், இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று என்று மாற்ற வேண்டும் என்றால் தையல் உதவாது. அங்கேதான் ராணுவம் கதைக்குள் வருகிறது.

கணக்கில் தோற்றவர் நெய்த பெல்ட்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) படங்களைப் பார்த்தால் சிப்பாய்களின் மார்பில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் ஓடும். தோட்டாப் பெட்டிக்கு ஒன்று, சாப்பாட்டுப் பைக்கு ஒன்று, தண்ணீர்க் குப்பிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொங்கும், தனித்தனியாக ஆடும். ஓடும்போது எல்லாம் சேர்ந்து தாளம் போடும். பலர் வெறுத்துப்போய் முதுகுப்பையையே தூக்கி எறிந்துவிட்டு, கம்பளியைச் சுருட்டி மாலை மாதிரி தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

அந்தப் போரில் இருந்த அதிகாரிகளில் ஒருவர் ஆன்சன் மில்ஸ். வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் சேர்ந்து, கணக்கில் தேறாமல் வெளியே வந்தவர். பிறகு டெக்சாஸில் நில அளவையாளராக வேலை பார்த்தார். இன்றைய எல் பாசோ நகரத்துக்கு வரைபடம் போட்டுப் பெயர் வைத்ததும் அவர்தான். (கணக்கில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்!)

போருக்குப் பின் உலோகத் தோட்டாக்கள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. மில்ஸ் ஒரு பெல்ட்டில் தோட்டாவுக்கு ஒன்றாகத் தோல் வளையங்கள் தைத்துப் பார்த்தார். 1867-ல் அதற்கு காப்புரிமையும் வாங்கினார். ஆனால் தோலும் பித்தளையும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். தோட்டா வளையத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. நனைந்தால் தோல் தொளதொளக்கும், காய்ந்தால் சுருங்கும்.

அவர் கடைசியில் கண்டுபிடித்த வழி அருமையானது. பெல்ட்டை நெய்துவிட்டு வளையத்தைத் தனியாகத் தைப்பதற்குப் பதில், தறியிலேயே பெல்ட்டும் வளையமும் ஒரே துணியாக வரும்படி நெய்தார். தாமஸ் ஆர்ண்டார்ஃப் என்பவரோடு சேர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் இதற்கான தறிகள் ஓடின. தையலே இல்லை, அதனால் விட்டுப்போகவும் இடமில்லை. தொங்குவது என்ற பேச்சே கிடையாது.

ஒரே குறை, தோட்டா வளையம் தோட்டாவுக்கு மட்டும்தான். தண்ணீர்க் குப்பியை அதில் செருக முடியாதே!

ஒரே சட்டையாகக் கழற்றலாம்: 1908

பிரிட்டிஷ் ராணுவம் 1899-1902 போயர் போருக்குத் தோல் பட்டைகளோடு போய் நன்றாக அவதிப்பட்டது. அதற்குப் பின் கொண்டுவந்ததுதான் 1908 மாதிரி. பருத்தி நூலில் இறுக்கமாக நெய்த கெட்டி நாடா. நம் ஊர் நாடாக் கட்டிலில் வருமே, அதை இன்னும் கனமாக நினைத்துக்கொள்ளுங்கள். தயாரித்தது லண்டனில் இருந்த மில்ஸ் கம்பெனி. ஆமாம், அதே மில்ஸ் பெயரில் நடந்த கம்பெனிதான்.

இதில் பெல்ட், தோள் பட்டைகள், இரண்டு பக்கமும் சேர்த்து 150 தோட்டா பிடிக்கும் பைகள், முதுகுப்பை, சாப்பாட்டுப் பை, தண்ணீர்க் குப்பி எல்லாம் ஒன்றோடு ஒன்று பக்கிளால் இணைந்திருக்கும். பெல்ட்டை முன்னால் அவிழ்த்துவிட்டு, சட்டையைக் கழற்றுவது மாதிரி மொத்தத்தையும் ஒரே தடவையில் கழற்றி வைக்கலாம். முதுகில் இருக்கும் பையின் எடைக்கு முன்னால் இருக்கும் தோட்டாப் பைகள் ஈடு கொடுக்கும். ஒவ்வொரு சாமானும் தனியாகத் தொங்காமல், எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதுதான் இதன் அழகு.

1914-ல் முதல் உலகப் போர் வந்தபோது தேவைக்கு ஏற்ப நாடா நெய்ய முடியவில்லை. புதிதாகச் சேர்ந்த லட்சக்கணக்கானவர்களுக்குப் பழையபடி தோலிலேயே 1914 மாதிரி என்று ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். தறி வேகமாக ஓடியிருந்தால் எத்தனையோ தோள்கள் தப்பித்திருக்கும்.

பின்னாளில் வந்த 1937 மாதிரியை இரண்டாம் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களும் அணிந்தார்கள். அதில் ஒரு பாடம் இருக்கிறது. பெரிய தோட்டாப் பைகளின் பின்பக்கம் பெல்ட்டைப் பிடிக்க இரண்டு பித்தளைக் கொக்கிகள். அதோடு, பையின் தலையில் ஒரு பக்கிள். தோளிலிருந்து வரும் பட்டை அதில் மாட்டும். கீழே பெல்ட் பிடிக்கும், மேலே தோள் பிடிக்கும். நம்முடைய 2 × 6 ÷ 20 கணக்கு இங்கே வேலை செய்கிறது பாருங்கள்!

கொக்கிக் காலம்

அதே காலத்தில் அமெரிக்கா வேறு வழியில் போனது. 1910-ல் வந்த அவர்களுடைய பெல்ட்டின் ஓரத்தில் உலோக வளையம் பதித்த துளைகள் வரிசையாக இருக்கும். தண்ணீர்க் குப்பியின் உறை, முதலுதவிப் பை எல்லாவற்றின் பின்னாலும் ஒரு கம்பிக் கொக்கி. துளையில் மாட்டினால் முடிந்தது. எந்தப் பையையும் எந்த இடத்திலும் மாட்டலாம். மாற்றிக்கொள்ளும் வசதி என்று பார்த்தால் இது பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் நான் என் பவுச்சுக்குச் செய்த அதே தப்பு இதிலும் இருந்தது. கொக்கி மேலே மட்டும்தான். கீழே பிடியே இல்லை. குப்பியில் தண்ணீர் நிறைந்திருக்கும், நடக்கும்போது அது ஊஞ்சல் ஆடும். முதுகுப்பைக்கு வெளியே மண்வெட்டியையும் இதே கொக்கியால் தொங்கவிட்டார்கள். இந்த ஏற்பாட்டோடுதான் இரண்டு உலகப் போர்களும் நடந்து முடிந்தன.

சிப்பாய்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துகொண்டார்கள். துப்பாக்கி உறை, கத்தி உறை ஆகியவற்றின் அடியில் ஒரு துளை இருக்கும். அதில் கயிறு கோத்துத் தொடையோடு கட்டிக்கொள்வார்கள். மேலே கொக்கி, கீழே கயிறு. அடிப்பாகத்தைப் பிடித்தால் ஆட்டம் நிற்கும் என்று அனுபவம் சொல்லிக்கொண்டே இருந்தது.

1956-ல் கொக்கியை விட்டுவிட்டு, தகட்டுக் கிளிப்புக்கு மாறினார்கள். பவுச்சின் பின்னால் இருக்கும் கிளிப் பெல்ட்டின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை முழுசாகக் கவ்விக்கொள்ளும். ஒரு புள்ளியில் தொங்கியது போய், பெல்ட்டின் முழு அகலமும் பிடியாக மாறியது. தோட்டாப் பையின் தலையிலிருந்து தோள் பட்டைக்கு ஒரு வாரும் போனது. பிரிட்டிஷ்காரர்கள் 1937-ல் செய்ததையே இவர்கள் 19 வருஷம் கழித்துச் செய்தார்கள்.

ஆலிஸ் வந்தாள்

வியட்நாம் மழையில் இன்னொரு பிரச்சினை தலைதூக்கியது. பருத்தி நாடா தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், காய நாளாகும், மக்கிப்போகும். அதனால் நைலானுக்கு மாறினார்கள். 1973 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் முழுவதற்கும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட நைலான் தொகுப்பின் நீளமான பெயரைச் சுருக்கினால் 'ஆலிஸ்' என்று வரும். முதுகுப்பைக்கு வெளியே அலுமினியச் சட்டம், மேலே நாடா வரிசைகள், அதில் பவுச் மாட்டலாம்.

பொருள் மாறியது, பிடி மாறவில்லை. அதே தகட்டுக் கிளிப்தான். அது நகத்தைப் பெயர்க்கும், இடுப்பில் குத்தும், பெல்ட்டில் இடம் விட்டு இடம் வழுக்கும். அதன் மேல் டேப் சுற்றி ஒட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இரும்புத் தகடு எவ்வளவு இறுக்கமாகக் கவ்வினாலும், ஒரு பெல்ட்டின் அகலம் ஆறு சென்டிமீட்டர் கூட வராது. பவுச்சின் உயரமோ அதைப்போல மூன்று மடங்கு. அப்புறம் எப்படி ஆடாமல் இருக்கும்?

மோலி: கிளிப்பை விட்டு, பின்னலுக்கு

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

1990-களில் மாசசூசெட்ஸின் நாட்டிக் நகரில் இருக்கும் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி மையத்தில் புதிய முறை ஒன்றை உருவாக்கினார்கள். 1997-ல் அறிமுகமானது. இதன் பெயரைச் சுருக்கினால் 'மோலி'. (ஆலிஸுக்குப் பிறகு மோலி. பெயர் வைப்பவருக்கு என்ன சோகமோ!) 2001-க்குப் பின் ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது.

இந்த முறையில் இரும்பே தேவையில்லை. முதுகுப்பையின் மேல் 1 அங்குல அகல நைலான் நாடாக்களைப் படுக்கை வரிசையாகத் தைத்திருப்பார்கள். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவில் 1 அங்குல இடைவெளி. ஒவ்வொரு நாடாவையும் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தடவை பார்டேக் தையல் போட்டு இறுக்கியிருப்பார்கள் (ஜீன்ஸ் பேன்ட்டின் பெல்ட் வளையத்தில் நெருக்கமாக ஒரு தையல் இருக்குமே, அதுதான். திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்). பார்க்க ஏணி மாதிரி இருக்கும். பவுச்சின் முதுகிலும் இதே மாதிரி நாடா வரிசைகள் உண்டு. கூடவே மேலிருந்து கீழே தொங்கும் விறைப்பான வார்கள்.

மாட்டும் விதம்தான் விஷயமே. வாரை முதுகுப்பையின் முதல் வரிசைக்குள் விடவேண்டும். அடுத்து பவுச்சின் வரிசைக்குள். மறுபடி முதுகுப்பை, மறுபடி பவுச். இப்படி மாறி மாறிக் கீழே வரை கொண்டுபோய், டிச் பட்டனைப் போட்டுவிட வேண்டும். தென்னங்கீற்று முடைவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் மேலே, அடுத்ததின் கீழே, மறுபடி மேலே. அதேதான்!

இப்போது என்ன நடக்கிறது? பவுச்சின் நாடா வரிசைகள் முதுகுப்பையின் இடைவெளிகளில் போய் ஜிப்பின் பற்கள் மாதிரி உட்கார்ந்துவிடுகின்றன. பவுச் தலை முதல் அடி வரை இரண்டு அங்குலத்துக்கு ஒரு பிடி. வெளியே சாயவும் முடியாது, பக்கவாட்டில் வழுக்கவும் முடியாது. வேண்டாம் என்றால் பட்டனை அவிழ்த்து வாரை உருவிவிடலாம். ஓட்ஸியின் தையலுக்கு இருந்த உறுதியும் 1910 கொக்கிக்கு இருந்த சுதந்திரமும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன.

இங்கே பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வாரை மாறி மாறி விடாமல், முதுகுப்பையின் வரிசைகளுக்குள் மட்டும் நேராகக் கீழே இறக்கி பட்டன் போட்டுவிடுவார்கள். பார்க்க மாட்டின மாதிரியே இருக்கும். ஆனால் பவுச்சின் முதுகை எதுவும் பிடிக்கவில்லை. அது மேலேயும் கீழேயும் மட்டும் பிடித்த திரைச்சீலை. நடுவில் உப்பி, தலை சாய்ந்து, தொங்கும். முறை சரியாக இருந்தும் சோம்பேறித்தனத்தால் தோற்பது என்றால் இதுதான்.

மோலியிலும் குறைகள் இருந்தன. முதலில் வந்த முதுகுப்பைச் சட்டம் இடுப்புப் பட்டையோடு சேரும் மூட்டு உடைகிறது என்று புகார் வந்து, அதை மாற்றி அமைத்தார்கள். ஆனால் அந்த நாடா ஏணி மட்டும் நிலைத்துவிட்டது. இன்று பல நாட்டு ராணுவங்களிலும் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பைகளிலும் அதைப் பார்க்கலாம். இப்போது நாடா தைப்பதற்குப் பதில், கெட்டித் துணியில் லேசரால் கீறல் போட்டு அதே ஏணியைச் செய்கிறார்கள். எடை குறையும்.

மலையேறிகளும் சும்மா இல்லை

ராணுவம் பிடியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, மலையேறுபவர்கள் அந்தப் பிடிக்குப் பின்னால் இருக்கும் பையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

1900-களின் முதல் பத்தாண்டில் நார்வேயின் ஓலே பெர்கன் முதுகின் வளைவுக்கு ஏற்ற சட்டத்தைப் பையில் வைத்தார். 1952-ல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் வைத்த பைகளை வீட்டிலேயே செய்து விற்க ஆரம்பித்தார். 1967-ல் கிரெக் லோ சட்டத்தைப் பைக்கு உள்ளேயே கொண்டுபோனார். பையின் பக்கவாட்டில் இழுத்து இறுக்கும் பட்டைகளையும் வைத்தார். இந்தப் பட்டைகள் இன்று நம் பைகளிலும் இருக்கின்றன. பலர் அவை எதற்கென்று தெரியாமல் கத்தரித்துவிடுகிறார்கள்!

அந்தப் பட்டையை இழுத்தால் பை அரைகுறையாக நிரம்பியிருந்தாலும் விறைக்கும். விறைத்தால் வெளியே மாட்டிய பவுச்சும் நிமிர்ந்து நிற்கும். மோலி ஏணி எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும், அதன் பின்னால் இருக்கும் துணி தொளதொளத்தால் ஏணியோடு சேர்ந்து பவுச்சும் சாயும். சுவர் சாய்ந்தால் ஆணி என்ன செய்யும்?

சிக்கல் தீர்ந்ததும் வந்த சிக்கல்

பவுச் தொங்குவது நின்றுவிட்டது. கதை சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் முடியவில்லை.

1950-ல் அமெரிக்க ராணுவ எழுத்தாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் சிப்பாயின் சுமையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நார்மண்டிக் கரையில் இறங்கிய சிப்பாய்கள் முதல் எத்தனையோ பேர் தேவைக்கு மேல் சுமந்ததால் களைத்துப்போனார்கள், களைப்பும் பயமும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பது அவருடைய வாதம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய் ஏறக்குறைய 27 முதல் 30 கிலோ வரை சுமந்துகொண்டுதான் பதுங்குகுழியிலிருந்து ஏறினார்.

அதற்குப் பிறகு நைலான் வந்தது, அலுமினியம் வந்தது, மோலி வந்தது. சுமை குறைந்ததா? 2003-ல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ராணுவமே தன் சிப்பாய்களை எடை போட்டுப் பார்த்தது. துப்பாக்கிச் சிப்பாய் ஒருவரின் சண்டைச் சுமை மட்டும் சராசரியாகச் சுமார் 28 கிலோ. முதுகுப்பையோடு நடக்கும்போது 43 கிலோ.

எனக்கு இதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. பவுச் தொங்குவது ஒரு வகையில் எச்சரிக்கை. "போதும்டா, இதுக்கு மேல வைக்காதே" என்று பை சொல்கிறது. நாம் அந்த வாயை அடைத்துவிட்டோம். எவ்வளவு வைத்தாலும் ஆடாது என்றானதும், காலியாக இருக்கும் ஒவ்வொரு நாடா வரிசையும் "இங்கே இன்னொன்று மாட்டலாமே" என்று கூப்பிடுகிறது. குவளை நிறையட்டும் என்று குடத்தைக் கவிழ்த்த கதைதான்.

இது சிப்பாய்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1989-ல் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சைப் பள்ளிக் குழந்தைகளின் புத்தகப் பைக்காகவே செலவழித்தார். அதைத் தொடர்ந்து யஷ்பால் குழு அமைந்து 1993-ல் அறிக்கை தந்தது. கிலோ கணக்கில் தெரியும் சுமையைவிட, புரியாமல் படிக்க வைக்கும் சுமைதான் பெரிது என்று அந்தக் குழு சுட்டிக்காட்டியது. 2020-ல் மத்திய அரசின் புத்தகப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றது. அதன்படி 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 3 கிலோ. உங்கள் வீட்டில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பையை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

என் பை என்ன ஆனது?

இவ்வளவும் படித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜிப் மாற்றி, பை தைத்துக் கொடுக்கும் அண்ணனிடம் போனேன். மோலி, பார்டேக் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், அவர் பவுச்சை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

"மேல மட்டும் புடிச்சா ஆடத்தான் தம்பி செய்யும். அடியில ஒரு புடி வேணும்ல?"

அவ்வளவுதான். இரண்டு உலகப் போர்களில் தொங்கவிட்டுக் கற்றுக்கொண்டதை அவர் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார்!

முதுகுப்பையில் நாடா மூன்று வரிசை, பவுச்சின் பின்னால் இரண்டு வரிசை தைத்தார். பழைய பைக் கைப்பிடி வார் இரண்டை வெட்டி, மாறி மாறிக் கோத்துக் காட்டினார். பையின் உட்புறம், நாடா தைத்த இடத்துக்குப் பின்னால், ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டிச் செருகச் சொன்னார். விறைப்புக்கு. மொத்தம் எண்பது ரூபாய்.

நீங்களும் செய்வதென்றால் நான்கு விஷயம் போதும். ஒன்று, மேலேயும் கீழேயும் பிடி வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விடமுடியுமோ அவ்வளவு நல்லது. இரண்டு, தொங்கவிடாதீர்கள், பின்னுங்கள். மூன்று, பின்னால் இருக்கும் துணியை விறைப்பாக்குங்கள், பக்கப் பட்டையை இழுத்து இறுக்குங்கள். நான்கு, கனமானது உள்ளே முதுகை ஒட்டி, லேசானது வெளியே.

நான்காவதைச் செய்வதற்காக அன்று ராத்திரி பவுச்சை மொத்தமாகக் கொட்டிப் பார்த்தேன். இரண்டு சார்ஜர் (ஒன்று வேலை செய்யாது), போன செமஸ்டர் ஹால் டிக்கெட், தீர்ந்துபோன ஏழு பேனா, மூன்று பூட்டுச் சாவி. எந்தப் பூட்டுக்கு என்று இன்றுவரை தெரியவில்லை. இதையெல்லாம் மூன்று மாதமாக முதுகில் தூக்கிக்கொண்டு, தொங்குகிறதே என்று பையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது பவுச் ஆடுவதில்லை. பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது. அந்தக் காலி இடத்தை அப்படியே வைத்திருப்பதுதான், அண்ணன் போட்ட தையலைவிடக் கஷ்டமான வேலை.

சரி, உங்கள் பையில் என்ன தொங்குகிறது? கொட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.